பட்டாணி ஏன் பாலைத் துப்புகிறாள்

மதிப்பும் மரியாதையும், அதற்கு மேல் கொஞ்சம் பயமும் கலந்து வணங்கும் என் மாமனார் அவர்களுக்கு,

மாப்பிள்ளை எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மகளும் பேத்தி பட்டாணியும் சௌக்கியம். அங்கே உங்கள் சௌக்கியத்தையும் அத்தையின் முழங்கால் சௌக்கியத்தையும் அறிய ஆவல். கடிதம் என்றால் இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்பதால் ஆரம்பித்தேன். உள்ளதைச் சொன்னால் எனக்கு வயிறு எரிகிறது. நேற்று நீங்கள் போனில் பேசியதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் நான் வாயைத் திறந்தாலே "சரி சரி, வெச்சிடறேன் மாப்பிள்ளை" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. வைத்தாலும் மேஜைமேல் கிடந்து உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும்.

நீங்கள் நேற்று சொன்னது இரண்டு விஷயம். பட்டாணி பால் குடிக்காமல் இளைத்துக்கொண்டே போகிறாள், ஒரு குழந்தைக்குப் பார்த்துப் பால் வாங்கித்தர எனக்கு வக்கில்லை, அதனால் ஞாயிற்றுக்கிழமை நீங்களே வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போகிறீர்கள், தேறுகிறவரை உங்கள் வீட்டில் இருக்கட்டும் என்பது ஒன்று. இன்னொன்று என் தொழிலைப் பற்றி நீங்கள் சொன்ன ஒரு வார்த்தை. அதைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன். இப்போதே எழுதினால் கோபத்தில் எழுத்து கோணலாகிவிடும்.

முதலில் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் மகள் சொன்ன கதையில் நான் மட்டும்தான் முட்டாளாக வருகிறேன் என்று கேள்வி. பட்டாணிக்கு ஒன்றரை வயதாகிவிட்டது, உங்கள் மகளும் மறுபடி நில அளவை வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள், விடியுமுன் அந்த மூன்றுகால் கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினால் பொழுது சாயும்போதுதான் வருகிறாள், ஆகவே தாய்ப்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினோம். நிறுத்திய அன்றைக்குப் பட்டாணி அழவே இல்லை. உங்கள் மகள்தான் சமையலறையில் நின்று அழுதாள். நானும் கூடப்போய்ச் சும்மா நின்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "என் பங்கை நான் முடிச்சிட்டேன். இனிமே என்ன பால் குடுக்கறதுன்னு நீங்க பாத்துக்கங்க. ருசி பாக்கறதுதானே உங்க வேலையே." எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள். தேயிலைக் கம்பெனியில் இத்தனை வருஷமாக டீ ருசி பார்த்து, எது உசத்தி எது மட்டம் என்று தீர்ப்புச் சொல்லி வருகிறேன். வீட்டில் இதுவரை யாரும் என் நாக்கை எதற்கும் கேட்டதில்லை, குழம்புக்குக்கூட.

சரி, முறைப்படி போவோம் என்று குழந்தை டாக்டரிடம் போனேன். அவர் பட்டாணியின் காதில் வெளிச்சம் அடித்துப் பார்த்துக்கொண்டே, "சாதாரண பசும்பால் போதும். கொழுப்பு எடுக்காததா வாங்கிக் காய்ச்சிக் குடுங்க. சர்க்கரை வேண்டாம். அளவுக்கு மேல குடுத்தா சாப்பாடு இறங்காது, அவ்வளவுதான்" என்றார். எந்தக் கம்பெனிப் பால் என்று கேட்டேன். "எதுவானாலும்" என்றார். எதுவானாலும்! ஒரு படித்த மனிதர் சொல்லுகிற பதிலா இது? எங்கள் ஆபீஸில் ஒருவன் ஒரு கோப்பையைப் பார்த்து 'எதுவானாலும்' என்று சொன்னால் மதியச் சாப்பாட்டுக்கு முன் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரே மலையில் மேல்சரிவில் பறித்த இலைக்கும் கீழ்ச்சரிவில் பறித்த இலைக்கும் வித்தியாசம் சொல்லுகிறவன் நான். என்னிடம் போய் எதுவானாலும் என்கிறார். மருந்துச் சீட்டுகூட எழுதவில்லை. சீட்டு இல்லாமல் வெளியே வந்தபோது, டாக்டரைப் பார்த்த மாதிரியே இல்லை எனக்கு.

அந்தக் குறையோடுதான் கீழே இருந்த மருந்துக்கடைக்குள் நுழைந்தேன். அது என் போறாத காலம். விஷயத்தைக் கேட்ட கடைக்காரர், யாரோ செத்துப்போன செய்தியைக் கேட்ட மாதிரி கண்ணாடியைக் கழற்றினார். "வெறும் பாலா சார்? இந்தக் காலத்துலயா?" என்று சொல்லி அலமாரியிலிருந்து மாவு டப்பாக்களை இறக்கி எனக்கு முன்னால் சுவர் கட்டினார். ஒரு டப்பாவில் பல் முளைக்காத குழந்தை ஒன்று மூக்குக்கண்ணாடி போட்டுத் தடிப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தது. "இது மூளைக்கு, இது எலும்புக்கு, இது கண்ணுக்கு சார்" என்றார். மூன்றும் ஒரே குழந்தைக்குத்தானே இருக்கிறது, ஒரே டப்பாவில் கிடையாதா என்று கேட்டேன். "அப்படிக் கேட்டா எப்படி சார்" என்று அவருக்கு வருத்தமாகிவிட்டது. மூளை டப்பாவை வாங்கி வந்து கலக்கினேன். ஐஸ்கிரீம் கடையைக் கழுவிவிட்ட தண்ணீர் மாதிரி ஒரு வாசனை. டாக்டருக்குப் போன் போட்டால், "அதுல சர்க்கரையைப் பாத்தீங்களா? இந்த வயசுல நல்லா சாப்பிடற குழந்தைக்கு அதுக்கு அவசியமே இல்ல" என்கிறார். இதை அவர் முதலிலேயே ஒரு சீட்டில் எழுதித் தந்திருந்தால் என்ன?

இதற்குள் விஷயம் மாடிப்படி ஏறிவிட்டது. மேல்வீட்டில் ஒரு உடற்பயிற்சி மாஸ்டர் இருக்கிறாரே, கதவைத் திறக்கும்போதுகூட மூச்சை இழுத்து விட்டுத் திறப்பாரே, அவர் வந்தார். "மாட்டுப்பால் கன்னுக்குட்டிக்கு சார். உங்க பொண்ணு கன்னுக்குட்டியா?" என்று என் வீட்டில் என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு என்னைக் கேட்டார். பாதாமை ஊறவைத்து அரைத்து வடிகட்டினதாக ஒரு பாட்டில் கொண்டுவந்து வைத்தார். அதில் பாதாம் இருந்ததாக அவர் சொன்னார். நான் தொழில்முறையில் தேடினேன், கிடைக்கவில்லை. "ஈரமாக இருக்கிறது" என்பதற்கு மேல் அதைப் பற்றி என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அதைச் சொன்னதற்கு, "டீ குடிச்சுக் குடிச்சு உங்க நாக்கு மரத்துப்போச்சு சார்" என்றார். குடிக்கிறேனாம்! நான் வேலையில் டீ குடிப்பதே இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். டாக்டரிடம் கேட்டால் இந்த வயதில் அது பாலுக்கு ஈடாகாது என்று அதையும் ஒரே வரியில் தள்ளிவிட்டார். அப்புறம் நீங்கள் பஸ்ஸில் கொடுத்தனுப்பிய ஆட்டுப்பால். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, பெரியவர் ஆசையாக அனுப்பியது. கண்டக்டர்தான் அந்தத் தூக்குவாளியைக் கை நீட்டித் தூரமாகப் பிடித்துக்கொண்டு கொடுத்தார். வீட்டில் மூடியைத் திறந்ததும் மேல்வீட்டு மாஸ்டர் ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது. இவ்வளவுதான் சொல்லுவேன்.

இப்படி ஆளாளுக்கு ஒன்று சொன்னால் மனிதன் என்ன செய்வான்? தனக்குத் தெரிந்ததைச் செய்வான். நான் என் சாப்பாட்டு மேஜையை எங்கள் ஆபீஸ் மேஜை மாதிரியே ஆக்கினேன். ஒரே அளவு வெள்ளைக் கோப்பைகள், ஒரே சூடு, எது எந்தப் பால் என்று தெரியாமல் அடியில் மட்டும் அடையாளம். எதிரே பட்டாணி அவளுடைய உயர நாற்காலியில். முதலில் நான். கரண்டியில் ஒரு வாய் எடுத்து, காற்றும் பாலும் சேர்ந்து நாக்கின் எல்லா மூலையிலும் அடிக்கிற மாதிரி 'சர்ர்ர்' என்று உறிஞ்சி, கண்ணை மூடி, கன்னத்துக்குக் கன்னம் உருட்டி, பக்கத்தில் வைத்த கிண்ணத்தில் துப்பி, தலையை ஆட்டித் தீர்ப்புச் சொல்லுவேன். விழுங்குவது கிடையாது. நாள் முழுக்க ருசி பார்க்கிறவன் விழுங்க ஆரம்பித்தால் வயிறும் போச்சு, நாக்கும் போச்சு. அடுத்து பட்டாணிக்கு அதே கோப்பை, அவளுடைய குட்டிக் கரண்டி. மேலெல்லாம் சிந்தினால் உங்கள் மகள் திட்டுவாளே என்று அவளுக்கும் பக்கத்தில் ஒரு குட்டிக் கிண்ணம் வைத்திருந்தேன்.

மாமா, நீங்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும். கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனாள். 'சர்ர்ர்' என்று உறிஞ்சினாள். கண்ணை மூடினாள். இந்தக் கன்னம், அந்தக் கன்னம். கிண்ணத்தைப் பார்த்தாள், ஒரு சொட்டு வெளியே போகாமல் துப்பினாள். தலையை ஆட்டினாள். எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேருகிற பையன்களுக்கு இந்த உறிஞ்சலைச் சொல்லிக்கொடுப்பதற்குள் எங்கள் பிராணன் போகிறது, பாதிப் பேருக்குப் புரையேறும். என் மகள் முதல் வாயிலேயே செய்தாள். நான் பெருமையில் எழுந்து நின்றுவிட்டேன். அடுத்த கோப்பை, துப்பினாள். அதற்கடுத்தது, துப்பினாள். பாக்கெட் பால், மாவுப் பால், பாதாம் தண்ணீர் எல்லாவற்றுக்கும் ஒரே தீர்ப்பு. வேறு எந்தத் தகப்பனாக இருந்தாலும் குழந்தைக்குப் பால் பிடிக்கவில்லை என்று சும்மா இருந்திருப்பான். நான் தொழில் தெரிந்தவன், எனக்கு உடனே விளங்கிவிட்டது. குழந்தைக்கு என் நாக்கு வாய்த்திருக்கிறது. இந்த ஊர்ப் பாலெல்லாம் அதற்குத் தேறவில்லை.

அப்புறம் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு நான் எங்கேதான் போகவில்லை? எந்தத் தெருவில் பால் விற்றாலும் பட்டாணியை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் நின்றேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பால் பூத், காலையில் நல்ல வரிசை நிற்கும். வரிசையில் நின்று வாங்கி, கையோடு கொண்டுபோன கரண்டியில் ஒரு வாய் உறிஞ்சி, உருட்டி, ஓரமாகச் சாக்கடையில் துப்பினேன். எனக்குப் பின்னால் நின்ற அம்மாள் "ஐயையோ, கெட்டுப்போச்சா?" என்றார். நான் பதில் சொல்லுவதற்குள் பட்டாணியும் ஒரு வாய் உறிஞ்சித் துப்பித் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான், வரிசை அப்படியே கலைந்து எதிர்ப்பக்கக் கடைக்கு நகர்ந்துவிட்டது. பூத்காரர் பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, "யோவ், வாங்கினா குடி, இல்லாட்டி கீழ ஊத்து, இப்படி வந்து வியாபாரத்தைக் கெடுக்கறதுக்கு உனக்கு எவன்யா காசு குடுத்தான்?" என்று கத்தினார். என் வேலை என்ன, அதன் முறை என்ன என்று நான் பொறுமையாக விளக்கினேன். அவர் கேட்கிற நிலையில் இல்லை. இன்றுவரை நான் பஸ் ஏறுவதற்குச் சுற்றுவழியாகப் போய்க்கொண்டிருக்கிறேன், இது நியாயமா?

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மறுபடி டாக்டரிடம் போனபோது பட்டாணியின் எடை ஏறவில்லை. எடைமேடை முள் போனதடவை நின்ற இடத்திலேயே நின்றது. நான் கருவியைத் தட்டிப் பார்த்தேன், "தட்டாதீங்க" என்றார். "பால் குடிக்கிறாளா?" என்று கேட்டார். "தேர்வு நடந்துகொண்டிருக்கிறது" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், அப்புறம் உங்கள் மகளைப் பார்த்தார். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. எனக்கு அன்றைக்குப் பயம் வந்துவிட்டது, மாமா. வரும் வழியெல்லாம் குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டு வந்தேன். இன்னும் நல்ல பாலாகத் தேட வேண்டும் என்று நினைத்தேனே தவிர, வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

நேற்று மழை வந்து அளவை வேலை நின்றுபோய், உங்கள் மகள் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்தவள், தோளில் கருவியோடு வாசலிலேயே நின்றாள். நானும் பட்டாணியும் எதிரெதிரே உட்கார்ந்து அப்போதுதான் ஒரே நேரத்தில் துப்பிவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தோம்.

"என்ன நடக்குது இங்க?"

"ருசி பாக்கறோம்."

"குழந்தை எப்ப முழுங்கும்?"

"நல்லது கிடைச்சதும்."

"நீங்க எப்ப முழுங்குவீங்க?"

இதென்ன கேள்வி? நான் எதற்கு விழுங்க வேண்டும்? டீயிலேயே பால் விடாமல் குடிக்கிறவன் நான், எனக்குப் பால் என்றால் சின்ன வயதிலிருந்தே குமட்டல். அதை விளக்குவதற்குள் உங்களுக்குப் போன் போட்டுவிட்டாள். நீங்கள் சிரித்த சிரிப்பு இந்தப் பக்கம் ஹால் முழுக்கக் கேட்டது. சிரித்து முடித்து, என்னிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, அந்த வார்த்தையைச் சொன்னீர்கள்: "மாப்பிள்ளை, குழந்தை உங்களைப் பாத்துதான் துப்புது. துப்பற வேலையை ஆபீஸ்லயே வெச்சுக்கங்க."

துப்பற வேலை! இந்தப் பெயரைத்தானே இத்தனை நாளாக மனதுக்குள் வைத்திருந்தீர்கள்? பெண் கேட்டு வந்த அன்றைக்கு "என்ன வேலை?" என்று கேட்டுவிட்டு, நான் சொன்னதும் "ஓஹோ" என்றீர்களே, அந்த ஓஹோவுக்கு நேற்றுதான் எனக்கு அர்த்தம் புரிந்தது. நான் துப்பினால் கம்பெனி நிற்கும், நான் தலையாட்டினால் கப்பல் கிளம்பும். இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பார்த்துச் செய்கிறாள் என்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள், நான் செய்வதையெல்லாம் அவள் செய்கிறாளா? நான் தினமும் சவரம் செய்கிறேன், அவள் செய்கிறாளா? நான் பேப்பர் படிக்கிறேன். அவளும் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்காருவாள், ஆனால் தலைகீழாக. நான் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொள்ளுவேன். அவளும் டப்பா மூடியை நெற்றியில் வைத்துக்கொள்ளுவாள், அது தற்செயல். செருப்பு விஷயத்தை விட்டுவிடுவோம். தகப்பன் செய்வதைப் பார்த்துக் குழந்தை செய்யும் என்றால், நீங்கள் காலம் முழுக்கத் தீயணைப்பு நிலையத்தில் இருந்தீர்களே, உங்கள் மகள் சின்ன வயதில் கண்ட இடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டா திரிந்தாள்? ஆமாம், எரிகிற அடுப்பைப் பார்த்தாலே சொம்போடு வந்துவிடுவாள், ஒரு வருஷம் அவளைச் சமையலறைப் பக்கமே விடவில்லை என்று அத்தை சொல்லியிருக்கிறார். அது வேறு விஷயம். இந்த உதாரணத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முடிவாகச் சொல்லுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வர வேண்டாம். குழந்தையை அனுப்புவதற்கில்லை. காலையில் அம்மா போனதும் கண்ணைத் திறந்து முதலில் என்னைத்தான் தேடுகிறாள், நான் அவளைத் தூக்கிக்கொண்டுதான் ஜன்னல் திறக்கிறேன், இந்தச் சின்ன வீட்டில் அவள் இல்லாமல் நான் எந்த ஜன்னலைத் திறப்பேன்? கோபித்துக்கொண்டாலும் சரி, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவளுக்கென்று ஒரு பால் எங்கேயோ இருக்கிறது. அதை நான் கண்டுபிடிப்பேன். என் முறை தவறு என்று மட்டும் யாரும் என்னிடம் சொல்ல வர வேண்டாம்.

அத்தைக்கு என் வணக்கம், படி ஏறாமல் இருக்கச் சொல்லவும். உங்களுக்கு நீண்ட ஆயுளும் கொஞ்சம் நிதானமும் கிடைக்க வேண்டிக்கொண்டு, பட்டாணியின் கை பிடித்து அவள் சார்பில் இங்கே ஒரு கோடும் போட்டு அனுப்புகிறேன்.

கோபம் தணியாத, ஆனாலும் உங்களுக்குக் கட்டுப்பட்ட,
மாப்பிள்ளை

பின்குறிப்பு: இதை நேற்றே தபாலில் போட்டிருக்க வேண்டும். எழுதி முடித்தபோது கோபத்தில் தொண்டை வறண்டுபோயிருந்தது. உறையைத் தேடிக்கொண்டே, கைக்கு எட்டியதை எடுத்துக் கடகடவென்று குடித்துவிட்டேன். குடித்த பிறகுதான் தெரிந்தது, அது அடுத்த சுற்றுக்காகக் காய்ச்சி வைத்திருந்த சாதாரணப் பாக்கெட் பால். எதிரே உட்கார்ந்திருந்த பட்டாணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் துப்புவேன் என்று காத்திருந்தாள். துப்பவில்லை. எட்டி என் தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். என் வாயை இரண்டு கையாலும் பிளந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு தன் கோப்பையை எடுத்துக் கடகடவென்று குடித்துவிட்டு, என் முன்னால் வாயை 'ஆ' என்று திறந்து காட்டினாள். உள்ளே ஒன்றும் இல்லை, மாமா. அத்தனையும் இறங்கிவிட்டது. நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன். இதையும் எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

நேற்றும் மழையால் வேலைக்குப் போகாத உங்கள் மகள், இதையெல்லாம் கதவோரம் நின்று பார்த்துவிட்டு, துப்பும் கிண்ணங்கள் இரண்டையும் எடுத்துக் கழுவிக் கவிழ்த்தாள். வாயால் ஏதாவது சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். இப்போது என்னவென்றால், நான் ஒரு கோப்பை குடித்து வாயைத் திறந்து காட்டினால்தான் அவள் குடிக்கிறாள். சாயங்காலம் ஒன்று ஆயிற்று, இன்று காலை ஒன்று ஆயிற்று, தண்ணீர் கலந்து ஏமாற்றலாம் என்றால் என் கோப்பையையும் வாங்கி ருசி பார்க்கிறாள். எனக்கோ பாலை நினைத்தாலே குமட்டுகிறது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துவிடுங்கள், முடிந்தால் சனிக்கிழமையே கிளம்புங்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக அல்ல. தாத்தா முழுங்கினாலும் அவள் முழுங்குகிறாளா என்று பார்க்க வேண்டும்.